பெயர் எழுதிய டிஸ்க் கையில் கிடைத்தால்

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலைனாவில், சார்லட்டில் இருக்கிறேன். போன வருடத்திலிருந்து 12 வயது மகனோடு வார இறுதிகளில் டிஸ்க் கால்ஃப் ஆடப் போகிறேன். சில வாரங்களுக்கு முன்னால் ஓடையில் ஓர் ஆரஞ்சு நிற டிரைவர், அதாவது தூரமாக வீசுவதற்கான டிஸ்க், கிடைத்தது. அடியில் ஒரு பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தன. மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. மகன் அதை வீசிப் பார்த்துவிட்டான். அவனுடைய டிஸ்க்குகளைவிட அழகாகப் பறக்கிறது, இப்போது கொடுக்க மனசில்லை. கூட ஆடும் நண்பர், "கண்டெடுத்தவனுக்குத்தான் சொந்தம், விடுங்க" என்கிறார். மனைவியோ, முன்பின் தெரியாதவருக்கு நம் நம்பரும் விலாசமும் எதற்கு என்கிறார். இதற்கு நடுவில், நான் தொலைத்த டிஸ்க் ஒன்று, என் நம்பர் எழுதியது, பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் விலைச்சீட்டோடு கிடந்தது. நான் மட்டும் ஏன் யோக்கியனாக இருக்க வேண்டும்? எவ்வளவு நாள் காத்திருப்பது? தபால் செலவு யாருடையது?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஆரஞ்சு டிஸ்க் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. ஒரு மெசேஜுக்குப் பதில் வராததால் அவர் வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதைச் செய்த பிறகும் பேச்சு மூச்சு இல்லை என்றால் உங்கள் மகன் அதைத் தாராளமாக வீசலாம்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. கால்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பார்க்கில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். மறு வருடம் அவரே பி.டி.ஜி.ஏ. என்கிற டிஸ்க் கால்ஃப் ஆட்டக்காரர்கள் சங்கத்தையும் தொடங்கினார். இன்றைக்கும் அமெரிக்காவில் பெரும்பாலான மைதானங்கள் பொதுப் பூங்காக்களில்தான் இருக்கின்றன. கட்டணம் இல்லை, வாசலில் ஆள் இல்லை, வேலி இல்லை. மரம், புதர், ஓடை, குளம் எல்லாம் ஆட்டத்தின் பகுதி. அதனால் டிஸ்க் தொலைவது தினசரி நடக்கிற காரியம். அதைப் பத்திரப்படுத்தி வைக்க அங்கே அலுவலகமோ காவலாளியோ கிடையாது. அடுத்து அந்தப் பக்கம் நடந்து வருகிறவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் டிஸ்க் கடைக்கு வரும் புது ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்பது, "பத்து இருபது டாலர் சாமான்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று. விலை அவ்வளவுதான், உண்மை. ஆனால் இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் விளக்குகிறேன்.

புது டிரைவர் ஒன்றை வலது கைக்காரர் பின்கை வீச்சில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், வீசினால், வேகம் குறையும்போது அது இடது பக்கம் வளைந்து இறங்கும். சில டிஸ்க்குகள் பிடிவாதமாக இறங்கும். மாதக்கணக்கில் அதே டிஸ்க் மரத்தில் மோதி, கல்லில் உரசி, விளிம்பு தேய்ந்து நெளிந்த பிறகு அந்தப் பிடிவாதம் தளரும். முதலில் சற்று வலது பக்கம் சாயும், நேராக நீளப் போகும், கடைசியில் மெதுவாக இடது பக்கம் திரும்பும். மலிவு பிளாஸ்டிக்கில் இது சீக்கிரம் நடக்கும், விலை கூடிய பிளாஸ்டிக்கில் வருடங்கள் ஆகும். அதனால்தான் நன்றாக ஆடுகிறவர்கள் பையில் ஒரே மாடலில் இரண்டு மூன்று டிஸ்க் இருக்கும். ஒன்று புதுசு, ஒன்று பாதி தேய்ந்தது, ஒன்று முழுக்கத் தேய்ந்தது. மூன்றுக்கும் மூன்று வேலை. கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும்: எண்ணெய் தடவித் தட்டித் தட்டிப் பழக்கிய பேட்டைத் தொலைத்தவனிடம், கடையில் புதுசு வாங்கிக்கோ என்று சொன்னால் எப்படி இருக்கும்?

உங்கள் மகன் கையில் அந்த டிஸ்க் அழகாகப் பறப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 12 வயதுக் கையின் வேகத்துக்குப் புது டிரைவர்கள் சீக்கிரமே இடது பக்கம் சரிந்து விழும். தேய்ந்தது நேராகப் போகும். அப்படியென்றால் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் வீசிப் பழக்கியதன் பலனைத்தான் அவன் அனுபவிக்கிறான். அவனுக்கு உண்மையில் வேண்டியது எடை குறைந்த, எளிதில் வலது பக்கம் சாய்கிற டிஸ்க். 150 கிராம் அளவில் இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்டு மாடல் மாதிரி ஒன்று வாங்கிக் கொடுங்கள். டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் போட்டிருக்கும், லெப்பர்டில் 6, 5, -2, 1. மூன்றாவது எண்ணில் கழித்தல் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதுதான் வலது பக்கச் சாய்வு. ஆரஞ்சு டிஸ்க்கைப் பற்றிய ஏக்கம் ஒரே வாரத்தில் போய்விடும்.

விலையில் அடங்காத வேறு சில சங்கதிகளும் உண்டு. ஒரே வீச்சில் டிஸ்க்கைக் கூடைக்குள் போட்டுவிட்டால் அதற்கு ஏஸ் என்று பெயர். கூட ஆடியவர்கள் அந்த டிஸ்க்கில் கையெழுத்துப் போட்டு, தேதியும் மைதானத்தின் பெயரும் எழுதிக் கொடுப்பது வழக்கம். பலர் அதைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். சிலர் விடாமல் வீசிக்கொண்டே இருப்பார்கள், ஒரு நாள் தொலைப்பார்கள். அடியில் நாலைந்து கையெழுத்துள்ள டிஸ்க் கிடைத்தால் அதைத் தேடி ஒருவர் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவர் நினைவாக அச்சிட்ட டிஸ்க்குகளும் சுற்றி வருகின்றன. எட் ஹெட்ரிக்கே 2002-ல் காலமானபோது, அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலைக் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். அதில் ஒன்றை யாராவது குளத்தில் போட்டிருந்தால் என்ன கதி என்று நான் யோசித்ததுண்டு.

சரி, உங்கள் நண்பர் சொன்ன "கண்டெடுத்தவனுக்குத்தான் சொந்தம்" என்பதற்கு வருவோம். இதில் பாதி உண்மை இருக்கிறது, வம்பே அந்தப் பாதியால்தான். 1722-ல் லண்டனில் ஒரு வழக்கு. புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன் ஒருவனுக்குக் கல் பதித்த நகை ஒன்று கிடைத்தது. விலை மதிப்பிட ஒரு பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோனான். அங்கே கல்லைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். நீதிமன்றம் பையன் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. கண்டெடுத்தவனுக்கு அந்தப் பொருளின் மேல் உரிமை உண்டு, வேறு யாரும் அவனிடமிருந்து அதைப் பறிக்க முடியாது, உண்மையான உரிமையாளரைத் தவிர. ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளில் எல்லாம் இன்றும் இதுதான் அடிப்படை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நுணுக்கங்கள் மாறும், ஆனால் அந்தக் கடைசித் துண்டு எங்கேயும் மறையவில்லை. உங்கள் நண்பர் விட்டுவிட்டது அதைத்தான். பெயரும் நம்பரும் எழுதிய டிஸ்க்கில் உரிமையாளர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை, பிளாஸ்டிக்கின் மேலேயே இருக்கிறார்.

இனி, பாக்கி இருக்கிறது என்றேனே, உரிமையாளரைத் தேடும் அந்த இரண்டாவது முயற்சி. தெரியாத நம்பரிலிருந்து "உங்கள் டிஸ்க் என்னிடம் இருக்கிறது" என்று மொட்டையாக வந்தால் இப்போதெல்லாம் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, மோசடி என்று அழித்துவிடுகிறார்கள். முதல் வரியிலேயே பார்க்கின் பெயர், எந்தக் கூடைக்குப் பக்கத்தில் எடுத்தீர்கள், டிஸ்க்கின் நிறம், மாடல், அதில் எழுதியிருக்கும் பெயர், இவ்வளவும் இருக்கட்டும். டிஸ்க்கைப் படம் எடுத்து அனுப்புங்கள். பதில் இல்லையா, ஒரு தடவை போன் செய்து வாய்ஸ் மெயிலில் சொல்லுங்கள். பழைய நம்பராக இருந்து வேறு யாருக்கோ போயிருக்கலாம், அல்லது லேண்ட்லைனாக இருக்கலாம், அதற்கு மெசேஜ் போகாது. பெயருக்குப் பக்கத்தில் ஐந்தாறு இலக்கத்தில் ஓர் எண் தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பி.டி.ஜி.ஏ. உறுப்பினர் எண்ணாக இருக்கும். உறுப்பினர் எண்கள் எப்போதோ இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. சங்கத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் ஆளின் பெயரும் ஊரும் வரும். நம்பர் வெளி மாநிலத்தது என்றால் ஆச்சரியப்படாதீர்கள். உங்கள் சார்லட் 2012-ல் உலகப் போட்டியே நடந்த ஊர். பக்கத்து ராக் ஹில்லில் 1999-லிருந்து தேசியச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. இந்த வட்டாரத்து ஓடைகளில் எந்த ஊர்க்காரர் டிஸ்க் வேண்டுமானாலும் கிடக்கும்.

எவ்வளவு நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குச் சங்க விதி எதுவும் கிடையாது. கடைப் பெட்டியில் வந்து சேரும் டிஸ்க்குகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, இரண்டு விதமாகத் தொடர்புகொண்டு பார்த்த பிறகு ஒரு மாதம். அதற்குப் பிறகு வீசலாம். விற்கக் கூடாது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீசினால் அது மைதானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆறு மாதம் கழித்து ஆள் வந்து கேட்டாலும் கொடுத்துவிடலாம். விற்றுவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். அதே காரணத்துக்காக, எழுதியிருக்கும் நம்பரை ஆல்கஹாலோ அசிட்டோனோ வைத்துத் துடைக்காதீர்கள். எடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்று நான் ஊகிப்பதில்லை, ஆனால் பெயரைத் துடைத்த டிஸ்க்கைப் பார்த்தால் ஊகிக்காமல் இருக்க முடியவில்லை.

நிறையப் பேர், "பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் பதில் போடுவார்கள். தூரத்தில் இருப்பார்கள், அல்லது அந்த டிஸ்க் அவர்களுக்கே அலுத்திருக்கும். அப்படி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மேலே பேச ஒன்றுமில்லை.

வேண்டும் என்று சொன்னால், வந்து எடுப்பது அவர் வேலை. உங்கள் வேலை, சொல்வதும் பத்திரமாக வைத்திருப்பதும்தான். தபாலில் அனுப்பச் சொன்னால் செலவு அவருடையது. நல்ல ஆட்டக்காரர் என்றால் நீங்கள் கேட்கும் முன்பே பணம் அனுப்பிவிடுவார். "என் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டால் மறுப்பதில் தப்பே இல்லை. சன்மானமாக அவர் எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்வது உங்கள் இஷ்டம், நீங்களாகக் கேட்காதீர்கள். கேட்ட நிமிஷத்தில் அது பிணையக்காசு வாங்குகிற மாதிரி ஆகிவிடும்.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டு விலாசம் யாருக்கும் தர வேண்டியதில்லை. ஊரில் டிஸ்க் விற்கும் கடைகள் பலவற்றில் தொலைந்த டிஸ்க் பெட்டி வைத்திருப்பார்கள், கவுண்டரில் கொடுத்துவிட்டு உரிமையாளருக்குக் கடைப் பெயரை மட்டும் சொன்னால் போதும். சில மைதானங்களில் முதல் கூடைக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையிலேயே ஒரு பெட்டி தொங்கும். அதில் போடலாம், ஆனால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் கை விட்டுத் துழாவுகிற பெட்டி அது. விலை கூடிய டிஸ்க்கை நான் அதில் போட மாட்டேன்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கீழே கிடக்கிற டிஸ்க் எல்லாம் தொலைந்த டிஸ்க் இல்லை. மரங்களுக்கு நடுவே கூடை தெரியாத இடங்களில், பக்கத்துப் பாதையில் ஆடுகிறவர் வீசியது உங்கள் காலடியில் வந்து விழும். அவர் இன்னும் நூறு அடி பின்னால் நடந்து வந்துகொண்டிருப்பார். நீங்கள் எடுத்துப் பையில் போட்டுவிட்டால் அவருக்கு ஆட்டமே கெட்டது. போட்டி என்றால் தேட 3 நிமிடம்தான் தருவார்கள், கூட ஆடுகிறவர்களும் சேர்ந்து தேட வேண்டும், கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதம், வீசிய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி வீச வேண்டும். அதனால் முதலில் நிமிர்ந்து சுற்றிப் பாருங்கள். முன்னால் போகிறவர்கள், பின்னால் வருகிறவர்கள் இரண்டு பக்கமும் குரல் கொடுங்கள். சேற்றில் பாதி புதைந்து, பாசி பிடித்துக் கிடந்தால் பழசு, எடுக்கலாம். மினுமினுவென்று புல் மேல் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

பெயர் இல்லாத டிஸ்க் கிடைத்தால்? உள்ளூர் ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுவில், "இந்தப் பார்க்கில் ஒரு நீல நிற டிஸ்க் கிடைத்தது" என்று மட்டும் போடுங்கள். படம் போடாதீர்கள். மாடல், எடை, கீறல் எங்கே, மேலே என்ன முத்திரை என்று கேட்கிறவர் சொல்லட்டும். சரியாகச் சொன்னவருக்குக் கொடுங்கள். யாரும் வராவிட்டால் உங்களுடையது, மனச்சாட்சியைப் போட்டு உருட்ட வேண்டாம். பெயர் எழுதாமல் வீசுகிறவர் அந்தத் துணிச்சலுடன்தான் வீசுகிறார்.

ஓடை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். கணுக்கால் ஆழத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிகிறதை எடுப்பது சரி. உங்கள் ஊர்ப் பக்கம் புதருக்குள் கை விடும்முன் காப்பர்ஹெட் பாம்பு நினைவில் இருக்கட்டும், மூன்று இலை விஷக்கொடி பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். பையனைக் குளத்தில் மட்டும் இறங்க விடாதீர்கள். குளத்தில் மூழ்கி டிஸ்க் பொறுக்கி விற்பதைத் தொழிலாகவே சிலர் செய்கிறார்கள். 2022 மே கடைசியில் ஃப்ளோரிடாவின் லார்கோ நகரில், நீந்தத் தடை என்று பலகை வைத்திருந்த ஒரு பூங்கா ஏரியில் டிஸ்க் தேடி இறங்கியவர் முதலையால் இறந்துபோனார். சார்லட் குளங்களில் முதலை பயம் இல்லைதான். சேறும் உடைந்த கண்ணாடியும் இருக்கின்றன. எந்தப் பிளாஸ்டிக்கும் அதற்குப் பெறாது.

இப்போது கடையில் பார்த்த உங்கள் டிஸ்க். கோபம் நியாயம். ஆனால் கடைக்காரர் திருடவில்லை, யாரோ கொண்டுவந்த ஒரு மூட்டையில் அதுவும் வந்திருக்கும். நம்பர் எழுதிய டிஸ்க்கை வாங்கும் முன் அந்த நம்பரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் ஒழுங்கான கடைகளின் வழக்கம், இவர்கள் கேட்கவில்லை. மேனேஜரிடம் போய், உங்கள் போனை எடுத்து அந்த நம்பர் உங்களுடையதுதான் என்று காட்டுங்கள். விற்றவனுக்கே உரிமை இல்லாத பொருளை வாங்கியவருக்கும் உரிமை வராது, அது அவர்களுக்கும் தெரியும். பெரும்பாலும் சண்டை இல்லாமல் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால், அவர்கள் கொடுத்த விலையை மட்டும் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள், இருபது டாலருக்காகக் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

"நான் மட்டும் ஏன்" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கறாராகவே இருக்கும். உங்கள் டிஸ்க்கை எடுத்து விற்றவரும் ஆரஞ்சு டிஸ்க்கின் சொந்தக்காரரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் செய்ததற்கு இன்னொருவரிடம் ஈடு எடுக்க முடியாது.

மகனிடம் இதை நீங்கள் பேச வேண்டாம், வேலையாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது மெசேஜை அவன் எழுதட்டும், உங்கள் போனிலிருந்து. அவன் வீசிப் பார்த்ததையும் மறைக்காமல் சேர்த்துக்கொள்ளட்டும். ஆள் கிடைத்து டிஸ்க்கைக் கொடுக்கிற நாள் வந்தால் பார்க்கில் வைத்துக் கொடுங்கள், பையனும் கூட வரட்டும்.

கடைசியாக உங்கள் டிஸ்க்குகளைப் பற்றி. அடிப்பக்கத்தில் நிரந்தர மார்க்கரால் பெயர், ஊர்க்குறியீட்டோடு பத்து இலக்க நம்பர். மலிவு பிளாஸ்டிக்கில் மை சீக்கிரம் மங்கும், சில மாதத்துக்கு ஒருமுறை அந்த எழுத்தின் மேலேயே மறுபடி எழுதிவிடுங்கள். பையன் டிஸ்க்குகளிலும் உங்கள் நம்பரையே எழுதுங்கள், அவனுடையது வேண்டாம். போட்டியில் ஆடப் போகிறான் என்றால் அடையாளம் இல்லாத டிஸ்க்கை வீசக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவையிலிருந்து ஒரு வீச்சு அபராதம்.